சிறைச்சோறும் வறுமைக்கோடும்

1

வறுமையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நல்குரவு, மிடி, இன்மை, இலம்பாடு, இல்லாமை, கஷ்டம், 'இல்லாதபட்ட சனம்' என்று எழுத்திலும் பேச்சிலும் விரிந்து கிடக்கின்றன. திருக்குறள் நல்குரவுக்கு ஓர் அதிகாரம் (105) ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்து இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை வைக்கிறது. இல்லாமை, கேட்டல், கேட்க அஞ்சுதல் என்கிற இந்த வரிசையே ஒரு வாதம்தான். இல்லாதவர் என்று சொன்ன உடனேயே இருக்கிறவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. 'வறுமைக்கோடு' என்ற சொல் இந்த உறவைக் கழற்றிவிட்டது. கோட்டுக்கு மேலேயோ கீழேயோ ஆள் தனியாக நிற்கிறார். யாரால் இல்லாமற் போனார், யாரிடம் கேட்டு நிற்கிறார் என்பதெல்லாம் கணக்குக்கு வெளியே போய்விடுகிறது.

நான் பொருளாதாரம் படித்தவனில்லை, தமிழ் எம்.ஏ. அகப்பாட்டை எடுத்தால் முதலில் கூற்று பார்ப்பது எங்கள் பழக்கம். பேசுவது தலைவியா, தோழியா, செவிலியா? யாரிடம் பேசுகிறாள்? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது யார்? இது தெரியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. 2400 கலோரி, 32 ரூபாய், 21.9 சதம் என்று செய்தித்தாளில் வருகிற எண்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எண்ணுக்கும் கூற்று உண்டு. அது யார் வாயிலிருந்து, யார் காதுக்காகச் சொல்லப்பட்டது? அளக்கப்பட்டவர் அந்த இடத்தில் இருந்தாரா? நிபுணர் குழு அறிக்கைகளை இந்தக் கேள்வியோடு வரிசையாக வைத்து வாசித்தபோது கிடைத்ததே இக்கட்டுரை.

2

இந்தியாவில் 'ஓர் உடம்பு உயிரோடிருக்க எவ்வளவு போதும்' என்ற கேள்வி அரசாங்கக் காகிதத்தில் மிகக் கறாராக எழுந்த இடங்களில் ஒன்று நம் சென்னை மாகாணம். 1876-78இன் தாது வருஷப் பஞ்சம். நிவாரணம் என்றால் சும்மா கிடைக்காது. ரோடு போட வேண்டும், கல் உடைக்க வேண்டும், குளம் வெட்ட வேண்டும், அதற்குக் கூலி. 1877 ஜனவரியில் வைஸ்ராயின் தூதராக இங்கே அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துவிட்டார் என்று வசவு வாங்கியவர் அவர். இந்த முறை அந்தக் கறையைக் கழுவும் வேகத்தோடு வந்தார். அதுவரை ஒன்றரை ராத்தல் தானியத்துக்குக் கட்டுப்படியாகிற அளவில் இருந்த ஆண் கூலியை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் கொஞ்சம் சில்லறையுமாக வெட்டினார். 'டெம்பிள் கூலி' என்று பின்னால் பேர்பெற்றது இதுதான். இதை ஒரு பரிசோதனை என்றே அவர் முன்வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைக்கூடம், பட்டினி கிடந்த லட்சக்கணக்கான உடல்கள்.

மாகாணத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்த அளவில் கடும் உழைப்புச் செய்கிற உடம்பு தேயும், சாகும் என்று வாதிட்டார். அவர் கையிலெடுத்த அளவுகோல் சிறைச்சாலை. கைதிக்குப் போடுகிற சோற்றைவிடக் குறைவாகக் கொடுத்து, கைதியைப்போல வேலை வாங்குகிறீர்களே என்பது வாதத்தின் சாரம். காகிதச் சண்டைக்குப் பிறகு, 1877இலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். மைக் டேவிஸ் 2001இல் வெளிவந்த தமது நூலில் டெம்பிள் கூலியை 1627 கலோரி என்று கணக்கிட்டு, நாஜிகளின் புக்கன்வால்ட் முகாம் உணவான 1750 கலோரிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடந்த சண்டையில் இருவருமே அதிகாரிகள். ஒருவர் கருவூலத்தின் குரல், மற்றவர் மருத்துவத்தின் குரல். பசித்தவரின் கூற்று அந்தக் காகிதங்களில் இல்லை. அதே 1877இல் பம்பாய் மாகாணத்துத் தக்காணப் பகுதியில் அந்தக் கூற்று வேறு வடிவில் வந்தது. கூலி வெட்டப்பட்டதும் பல்லாயிரம் பேர் நிவாரண வேலையை விட்டு எழுந்து போய்விட்டார்கள். புணே சார்வஜனிக சபை அவர்கள் பக்கம் நின்றது. பட்டினிக்காரன் வேலைநிறுத்தம் செய்வானா என்று அதிகாரிகளுக்கு ஒரே குழப்பம். அளவுகோலை மறுப்பதும் ஓர் அரசியல் செயல்தான் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

நான் இருக்கிற மீமிசல் கரையைப் பொறுத்தவரை, அன்றைக்குப் பசிக்கு இருந்த இன்னொரு பதில் கடல். தொண்டி, அம்மாபட்டினம் போன்ற துறைகளிலிருந்து பாக் நீரிணையைக் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகள் போன வழி இது. பஞ்ச வருஷங்களில் அந்தப் போக்கு பெருகியது. ஊரில் நின்றால் டெம்பிள் கூலி, படகில் ஏறினால் தோட்டக் கூலி.

3

இந்தக் கூலிக் கப்பல்தான் அடுத்த அத்தியாயத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. 1876இல் தாதாபாய் நவ்ரோஜி 'இந்தியாவின் வறுமை' பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். 1901இல் வந்த அவருடைய பெரிய நூலுக்கு அடித்தளம் அதுதான். பிரிட்டிஷ் இந்தியாவின் தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாய் என்று கணக்குப்போட்டார் நவ்ரோஜி. சரி, 20 ரூபாய் போதுமா போதாதா என்று எதை வைத்துச் சொல்வது? அரசாங்கத்தின் சொந்தக் காகிதங்களிலிருந்தே இரண்டு அளவுகோல்களை உருவினார். ஒன்று, கப்பலில் அனுப்பப்படும் கூலிகளுக்குப் பயணத்தின்போது கொடுக்கவேண்டியது என்று அரசாங்க மருத்துவ ஆய்வாளர் வகுத்த உணவுப்பட்டியல். மற்றது, ஒவ்வொரு மாகாணத்துச் சிறையிலும் ஒரு கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் ஆகிற செலவு.

1867-68 விலைகளில், இடத்துக்கேற்ப ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய்வரை வெறும் பிழைப்புக்கே வேண்டும் என்ற கணக்கு அவருடையது. சென்னை மாகாணத்துக்கு அவர் போட்ட தலைக்கு உற்பத்தி சுமார் 18 ரூபாய். அதே மாகாணத்துச் சிறையில் ஒரு கைதிக்கான செலவு 50 ரூபாய்க்கு மேல். வெளியே இருக்கிற குடியானவனைவிட உள்ளே இருக்கிற கைதி நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதை ஆட்சியின் கையெழுத்தைக் கொண்டே நிரூபித்தார். கப்பலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற உடம்புக்குப் போட்ட கணக்கு இது என்றும், நல்லது கெட்டது, சடங்கு, மழை பொய்த்த வருஷம் எதற்கும் இதில் இடமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

டெம்பிளும் நவ்ரோஜியும் கையாண்டது ஒரே வகையான எண். 'குறைந்தபட்சம்' என்பதே அதன் பெயர். டெம்பிளிடம் அது 'இதற்கு மேல் கொடுக்காதே' என்றது. நவ்ரோஜியிடம் 'இதைக்கூடக் கொடுக்கவில்லையே' என்று குற்றஞ்சாட்டியது. எண்ணின் அர்த்தம் அதன் கூற்றால் தலைகீழாகிறது. புள்ளிவிவரம் என்றாலே ஆளும் வர்க்கத்தின் பொய் என்று தள்ளிவிடுகிற நம் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். காலனியத்துக்கு எதிரான மிகக் கூர்மையான ஆயுதங்களில் ஒன்று சிறைச்சாலைக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் கிடைத்தது.

ஆனாலும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. கைதியும் கப்பல் கூலியுமே ஏழைக்கு முன்மாதிரி ஆனார்கள். இருவருமே வீடு, உறவு, தெரு, திருவிழா எல்லாவற்றிலிருந்தும் பிடுங்கப்பட்ட உடல்கள். ஏழை என்றால் தின்கிற உடம்பு என்ற கருத்தாக்கம் இங்கே பதிந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது போகவில்லை.

4

சுதந்திர இந்தியா ஒன்றல்ல, இரண்டு கோடுகளைப் போட்டது. இதை நம்முடைய விவாதங்களில் யாரும் சேர்த்துப் பேசிப் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கோடு 1957இல். பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் உட்கார்ந்த மேசை. தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்று அங்கே ஒரு சூத்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. உணவு, டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரைப்படி. நடுத்தர உழைப்புள்ள ஆளுக்கு 2700 கலோரி என்று அது பொதுவாக வாசிக்கப்படுகிறது. (அய்க்ராய்ட் 1935 முதல் பத்தாண்டு நம் குன்னூரில் உணவுச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்தியவர்.) துணி, தலைக்கு ஆண்டுக்கு 18 கெஜம், நாலு பேர் குடும்பத்துக்கு 72 கெஜம். வீட்டு வாடகை. அதற்கு மேல் விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதம். 1991இல் ரெப்டாகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் இதன்மேல் இன்னொரு 25 சதத்தைச் சேர்த்தது: குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக. அந்த வழக்கு சென்னைத் தொழிலாளர்கள் தங்கள் பஞ்சப்படிக்காக நடத்திய சண்டையிலிருந்து வந்தது. நவ்ரோஜி 'இதற்கெல்லாம் இடமில்லையே' என்று சொன்ன நல்லது கெட்டதுக்கு, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு தீர்ப்பில் இடம் கிடைத்தது.

இரண்டாவது கோடு 1962இல். திட்டக்குழு அமைத்த நிபுணர்கள் மாதத்துக்குத் தலைக்கு 20 ரூபாய் (1960-61 விலையில்) என்று தேசியக் குறைந்தபட்சம் வகுத்தார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 100 ரூபாய். படிப்பும் வைத்தியமும் இதில் சேரவில்லை. அவற்றை அரசு கொடுக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பது வாசகருக்குத் தெரியும். ஆனால் கோடு மட்டும் அப்படியே நின்றது.

1957இன் மேசையில் சங்கம் இருந்தது. துணி வந்தது, வாடகை வந்தது, விளக்கு வந்தது. 1962இன் மேசையில் ஏழை இல்லை. நல்லெண்ணமுள்ள நிபுணர்களே இருந்தார்கள். 1979இல் அலக் பணிக்குழு கோட்டைக் கலோரியில் கட்டியபோது கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 என்று ஆயிற்று. ஒரே குடியரசு ஆலைத் தொழிலாளியின் வயிற்றுக்கு ஓர் அளவும், கிராமத்துக் கூலிக்காரரின் வயிற்றுக்கு வேறோர் அளவும் வைத்திருந்தது. வயிற்றில் வித்தியாசம் இல்லை. அளக்கிற இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

1957ஐப் புனிதப்படுத்தவும் வேண்டாம். நாலு பேர் குடும்பத்தை அது மூன்று 'நுகர்வு அலகு' என்று சுருக்குகிறது. வழக்கமான வாசிப்பில் ஆண் 1, மனைவி 0.8, பிள்ளைகள் தலா 0.6. பெண்ணின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் சூத்திரம் சொல்கிறது. கூலியைக் குறைக்கவிடாமல் தடுக்கிற நல்ல உத்திதான். ஆனால் சம்பாதிக்கிற பெண் அதில் காணாமல் போகிறாள். மேசையில் உட்கார்ந்த சங்கத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியையும் விடக்கூடாது. மீன் காயப்போடுகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், நடவுக்குப் போகிறவர் யாரும் அந்த மேசையில் இல்லை.

இந்த முதல் கோடும் மெல்ல இறக்கப்படுகிறது. 2019இல் மத்திய அரசின் நிபுணர் குழு ஒன்று 2700ஐ 2400 ஆக்கி, நாளுக்கு 375 ரூபாய் தேசியக் குறைந்தபட்சக் கூலி என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு அரசு அறிவித்த அடிமட்டக் கூலி 178 ரூபாய். முன்பிருந்ததைவிட இரண்டு ரூபாய் கூடுதல்.

5

இரண்டாவது கோட்டின் கதையைத் தொடர்வோம். 1971இல் தாண்டேகரும் ரத்தும் 2250 கலோரியை அடிப்படையாகக் கொண்டு, 1960-61இல் கிராமத்தில் 40 சதம் போல, நகரத்தில் பாதிப்பேர் போதாக்குறையில் இருந்தார்கள் என்று காட்டினார்கள். அது அன்றைய ஆட்சிக்கு ஒரு சவுக்கடி. உடனே எதிர்வாதமும் வந்தது. சுகாத்மே என்ற புள்ளியியலாளர், மனித உடம்பின் தேவை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். சராசரியை வைத்துக் கோடு போட்டால் குறைவாகத் தின்று ஆரோக்கியமாக இருப்பவரையும் ஏழையாக்கிவிடுவீர்கள் என்றார். அறிவியல்பூர்வமாக அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் குறைவாகத் தின்று பழகிய உடம்பும் குறைவாகத் தேவைப்படுகிற உடம்பும் ஒன்றுதானா? 1877இன் டெம்பிள்–கார்னிஷ் சண்டை, நூறு வருஷம் கழித்து, புணேயில் இரண்டு கனவான்களுக்கிடையே மறுபடி நடந்தது.

கோடு வேலை செய்கிற விதம் எளிமையானது. தேசிய மாதிரி ஆய்வு 1950இலிருந்து வீடுவீடாகப் போய் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டுவருகிறது. எந்தச் செலவு மட்டத்தில் உள்ளவர்களின் சாப்பாடு சராசரியாக 2400 கலோரியைத் தொடுகிறதோ, அந்தச் செலவே கோடு. 1973-74இல் அது கிராமத்துக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு. அதற்குப் பின் யாரும் கலோரியைத் திரும்ப அளக்கவில்லை. அந்த 49 ரூபாயை விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டே போனார்கள். இதற்கிடையில் பொதுவில் கிடைத்த விறகு, கீரை, தண்ணீர் எல்லாம் காசுக்கு வந்தன. பஸ் கட்டணம், பள்ளிக்கூடச் செலவு, மருந்து கூடின. ஆக, கோட்டில் நிற்கிறவரின் தட்டில் 2400 கலோரி இல்லாமற்போய்ப் பல காலமாயிற்று. உத்சா பட்நாயக் 2400ஐ நேரடியாக அளந்தால் கிராமத்தில் முக்கால்வாசிப்பேர் கீழே நிற்கிறார்கள் என்றார். ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேஸும், உடலுழைப்பும் நோயும் குறைந்ததாலும் கலோரி இறங்கலாம், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரமுடியாது என்றார்கள். இரண்டு தரப்பையும் வாசிக்கத்தான் வேண்டும்.

கேள்வியை மாற்றினால் ஏழையும் மாறுகிறார். 1993-94இல் 36 சதமாக இருந்த வறுமை 1999-2000இல் 26.1 சதம் என்று அறிவிக்கப்பட்டது. தாராளமயத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். அந்தச் சுற்றில் சாப்பாட்டுச் செலவை 'கடந்த 30 நாள்' என்றும் 'கடந்த 7 நாள்' என்றும் ஒரே வீட்டில் இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். முதல் பதில் இரண்டாவதைத் தொற்றிக்கொண்டது. வறுமை குறைந்தது உண்மைதான். இவ்வளவு குறைந்ததா என்பதில் பொருளியலாளர்களே முட்டிக்கொண்டார்கள்.

2009இல் டெண்டுல்கர் குழு கலோரியைக் கைவிட்டது. 2011 செப்டம்பரில் திட்டக்குழு உச்சநீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் நகரத்துக்கு நாள் ஒன்றுக்கு 32 ரூபாய், கிராமத்துக்கு 26 ரூபாய் என்றது. நாடே கொதித்தது. 2014இல் ரங்கராஜன் குழு கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியது. 2011-12 என்ற ஒரே ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் டெண்டுல்கர் கணக்கில் ஏழைகள் சுமார் 11 சதம். ரங்கராஜன் கணக்கில் சுமார் 22 சதம். பாதிப்பேர் ஓர் அறிக்கையிலிருந்து இன்னோர் அறிக்கைக்கு நடந்து போனதில் ஏழையானார்கள். பிறகு நிதி ஆயோக் பல்பரிமாண வறுமைக் குறியீடு என்று சத்துணவு, பள்ளி, கழிப்பறை, வங்கிக் கணக்கு எல்லாம் எண்ணி, 2019-21க்கு நம் மாநிலத்தில் 2.2 சதம் என்றது. 2017-18 செலவு ஆய்வை வெளியிடுவதில்லை என்று அரசு 2019 நவம்பரில் முடிவெடுத்தது. 2011-12க்குப் பிறகு அதிகாரபூர்வமான வறுமைக்கோட்டு விழுக்காடு எதுவும் வரவில்லை. 2025 ஜூனில் உலக வங்கி தன் சர்வதேசக் கோட்டை நாளுக்கு 3 டாலராக உயர்த்தி, 2022-23க்கு இந்தியாவில் 5.3 சதம் என்றது. இங்கே கோடு போடுகிற உரிமை வாஷிங்டனுக்குப் போய்விட்டது, அதைப்பற்றி இங்கே பெரிய சத்தமும் இல்லை.

6

இந்த எண்களை மீமிசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஆவுடையார்கோயில் வட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலை. பக்கத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுத் துறைகள். மேற்கே கண்மாய்ப் பாசனம். வானம் பொய்த்தால் சீமைக்கருவேலம்தான் விளைச்சல். தெருவுக்குத் தெரு வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போனவர்களின் வீடுகள்.

கணக்கெடுப்பவர் வந்து, "ராத்தா, போன மாசம் எண்ணெய் எவ்வளவு வாங்குனீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அதென்ன தம்பி எழுதியா வச்சிருக்கேன்? காசு இருந்தா பாக்கெட்டு, இல்லாட்டி ரேசன் எண்ணெய்." இந்தப் பதிலை ஒரு கட்டத்துக்குள் எண்ணாக எழுதவேண்டும். போன மாதம் என்பது எந்த மாதம்? 2017இலிருந்து கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த மாதத்தில் கேட்டால் ஒரு குடும்பம், ஆகஸ்டில் கேட்டால் வேறொரு குடும்பம். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு ஆள் இலங்கைச் சிறையில் இருந்தால்? அவர் பங்குக் கூலி நின்றுபோகும். வீட்டில் தலை ஒன்று குறைவதால் தலைக்குச் செலவு கூடினாலும் கூடும்.

இதைவிட விசித்திரம் கடன். நம் நாட்டில் அளப்பது வருமானத்தை இல்லை, செலவை. வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினால் அதுவும் செலவுதான். நோய் வந்து நகையை அடகு வைத்த குடும்பம் கணக்கில் ஒரு படி மேலே ஏறிவிடும். வீடு என்ற பெட்டிக்குள் அளவுகோல் நுழைவதும் இல்லை. மொத்தச் செலவைத் தலையால் வகுத்தால் எல்லாரும் சமம். கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில் என்ன மிஞ்சியது என்பது எந்த அட்டவணையிலும் வராது.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி இருக்கிறது. இடிந்த அடுக்களை, குட்டிபோட்ட நாய், குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் அவிக்கிற பெண். ஊரார் பார்த்துவிடக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். கீரையின் கலோரியை யாராலும் கணக்கிட முடியும். அடைத்த கதவை எப்படிக் கணக்கிடுவது? வெட்கமின்றி நாலுபேர் முன் வந்து நிற்க முடிவதை வறுமை ஆராய்ச்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் அமர்த்தியா சென். 1976இல் அவர் இன்னொன்றும் சொன்னார்: வெறும் தலை எண்ணிக்கை ஆபத்தானது. கோட்டுக்குக் கீழே பத்துப் பைசாவில் நிற்கிறவரைத் தூக்கி மேலே வைத்தால் சதவீதம் குறையும். அதலபாதாளத்தில் கிடப்பவர் இன்னும் கீழே போனாலும் சதவீதம் அசையாது. ஆகவே எவ்வளவு ஆழத்தில், ஏழைகளுக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வில் என்பதையும் அளக்கவேண்டும் என்றார். ஆனால் மேடையில் சொல்ல வசதியாக இருப்பது தலை எண்ணிக்கைதான்.

சமமின்மைக்கு வருவோம். 1912இல் கினி என்ற இத்தாலியர் வகுத்த குறியீடு: எல்லாருக்கும் சமம் என்றால் 0, ஒருவனுக்கே எல்லாம் என்றால் 1. (கினி முசோலினியின் அரசில் புள்ளியியல் நிறுவனத் தலைவர்; பாசிசத்துக்கு அறிவியல் அடிப்படை எழுதியவர். அதனால் குறியீடு பாசிசம் ஆகிவிடாது.) 2022-23 செலவு ஆய்வில் இந்தியக் கிராமங்களுக்கு 0.266, நகரங்களுக்கு 0.314. உலகத்திலேயே சமத்துவமான நாடுகளில் ஒன்று என்று மார்தட்ட இது போதும். அதே ஆண்டுக்குப் பிக்கெட்டியின் குழுவினர் 2024இல் வெளியிட்ட கணக்கில், மேல்தட்டு 1 சதத்தினரிடம் நாட்டின் வருமானத்தில் 22.6 சதம், சொத்தில் 40.1 சதம். இரண்டும் எப்படி ஒரே நாடாக முடியும்? முடியும். செலவு வேறு, சொத்து வேறு. பணக்காரன் ஒரு வேளைக்குப் பத்து மடங்கு தின்னமாட்டான். மிச்சம் நிலமாக, பங்காக, கட்டடமாக நிற்கும். அவன் வீட்டு வாசலில் கணக்கெடுப்பவர் காவல்காரரைத் தாண்டிப் போவதும் சிரமம். அப்போதும் கதவு அடைத்தே இருக்கிறது. அடைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை.

7

கோடு போடாமலேயே இருக்கமுடியுமா? இருந்திருக்கிறோம். 1997இல் மத்திய அரசு ரேசனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ரேசன்கடைக்குள் விடவில்லை. 2016இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும் விடவில்லை. அரிசி வேண்டுமா, சர்க்கரை மட்டும் போதுமா என்பதைக் கார்டுதாரரே தேர்ந்துகொள்வது என்ற நடைமுறை, நிபுணர் இல்லாத ஓர் அளவுகோல்தான். வரிசையில் நிற்பவரின் கூற்று அது. அதில் ஊழல் உண்டு, புழுத்த அரிசி உண்டு; ஆனாலும் மீமிசல் கடைத்தெருவில் அந்த வரிசையில் நிற்க யாரும் தன்னை ஏழை என்று நிரூபிக்கவேண்டியதில்லை.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையோடு கோடு திரும்பவும் வந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட். உரிமை என்று பேர் வைத்துவிட்டுத் தகுதி கேட்பது என்ன தர்க்கம்? ஆயிரம் ரூபாய் பெண் கையில் நேரடியாகப் போவதன் முக்கியத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பெண்கள் மேல்முறையீடு என்று அலைந்தபோது, இரவும் இரவச்சமும் மறுபடி அரசு அலுவலகத் திண்ணைக்கு வந்ததைத்தான் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு எண் என்றாலே ஒவ்வாமை. கவிதை எழுதுகிறவர் எண்ணை வெறுக்கிறார். இயக்கத்தில் இருக்கிறவர் தனக்குச் சாதகமான எண்ணை மட்டும் துண்டறிக்கையில் அச்சடிக்கிறார். இரண்டாலும் நிபுணருக்கு நஷ்டமில்லை. நவ்ரோஜி செய்தது இரண்டும் இல்லை. ஆண்டவர்களின் கணக்குப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தார். 1877இல் தக்காணத்துக் கூலிகள் அளவையே மறுத்து எழுந்து போனார்கள். 1957இல் சங்கத்தார் அளக்கிற மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்றும் மூன்று வழிகள். மூன்றும் நமக்கு வேண்டியிருக்கிறது.

அடுத்த வறுமைக்கோட்டுக் குழு என்றைக்கோ ஒருநாள் டெல்லியில் அமைக்கப்படும். அதில் யார் யார் இருக்கவேண்டும் என்று இன்றைக்கே நாம் பேசலாம். மீன் விற்கிற ஒரு பெண், கரிமூட்டக்காரர் ஒருவர், நடவுக் கூலிக்காரர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் அறிக்கை எந்த வார்த்தையில் தொடங்கும்? கலோரியிலா, கடனிலா, அடைத்த கதவிலா? நம் ஊர்களில் இதை ஒரு கூட்டம் போட்டுக் கேட்டு, வருகிற பதில்களை எழுதி வைப்பதற்கு எந்த நிபுணரின் அனுமதியும் வேண்டியதில்லை.